பத்துமலை முருகன் கோயில் உருவானது எப்படி? கோலாலம்பூர் நகர நிர்வாகத்தில் இடம்பிடித்த தமிழ் கான்ட்ராக்டர் தம்புசாமி பிள்ளையின் கதை

தைப்பூசம் வந்தாலே டிவியில் தவறாமல் வரும் காட்சி ஒன்று. தங்க நிறத்தில் வானளவு நிற்கும் முருகன் சிலை. அதன் பக்கத்தில் 272 படிக்கட்டு. காவடியோடும் பால்குடத்தோடும் ஏறும் லட்சக்கணக்கான பக்தர்கள். மலேசியாவின் பத்துமலை!

சிலையின் உயரம் நமக்குத் தெரியும். படிகளின் எண்ணிக்கையும் தெரியும். ஆனா அந்தக் குகையில் முருகனுக்கு முதன்முதலில் இடம் பிடித்துக் கொடுத்தது யாருன்னு கேட்டா, நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் தம்புசாமி பிள்ளை. சாமியார் இல்லை, ராஜாவும் இல்லை. அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக ஆரம்பித்து, ரயில் பாதைக்கு ஆள் கொண்டுவந்து, சுரங்கம் நடத்தி, கோயில் கட்டி, கடைசியில் கோலாலம்பூரின் நகர நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்த ஒரு தமிழர்.

கடலூர், சிதம்பரம் பக்கம் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், மலேயாவுக்குப் போன தாத்தா, பினாங்கில் இருந்து வந்த ட்ரங்க் பெட்டி என்று ஏதாவது ஒரு கதை வரும். செம்மங்குப்பம் வழியாக ஓடும் கடலூர் - சிதம்பரம் ரயில் பாதை, அந்தக் காலத்தில் தெற்கே நாகப்பட்டினம் துறைமுகத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த தடத்தின் ஒரு பகுதிதான். அப்படிக் கப்பல் ஏறியவர்கள் போய் இறங்கிய ஊரில் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள தம்புசாமி பிள்ளையின் வாழ்க்கை நல்ல ஒரு வழி. வாங்க, பார்க்கலாம்.

யார் இந்த தம்புசாமி பிள்ளை?

தம்புசாமி பிள்ளை 1850-ல் பிறந்தார். பிறந்தது தமிழ்நாட்டில் இல்லை, சிங்கப்பூரில். அவர் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் 'கா', அதாவது காயாரோகணம். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே புரியும். அங்கே காயாரோகணேஸ்வரர் கோயிலும் நீலாயதாட்சி அம்மனும் ரொம்பப் பிரசித்தம்.

சிங்கப்பூரை பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி துறைமுகமாக்கியது 1819-ல். அதற்குப் பிறகு தமிழ் வியாபாரிகள், கூலித் தொழிலாளிகள், சிப்பாய்கள் என்று பலரும் அங்கே போனார்கள். அப்படிப் போனவர்களின் அடுத்த தலைமுறைப் பிள்ளை இவர்.

படித்தது சிங்கப்பூரின் புகழ்பெற்ற ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் ஆங்கிலம் படித்தால் அவனுக்கு இரண்டு கதவுகள் திறக்கும். ஒன்று வெள்ளைக்காரர்களின் வணிக ஆபீஸ், இன்னொன்று அரசு ஆபீஸ். தம்புசாமிக்குக் கிடைத்தது ஒரு வக்கீல் ஆபீஸ். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையையே மாற்றியது இந்த வேலைதான்.

1875: சிலாங்கூர் பயணம்

சிங்கப்பூருக்கு வடக்கே, மலாய் தீபகற்பத்தில் சிலாங்கூர் என்று ஒரு சுல்தான் நாடு இருந்தது. வெள்ளீயம் அங்கே மண்ணுக்கடியில் கொட்டிக் கிடந்தது. அந்த ஈயத்துக்காக மலாய் பிரபுக்களும் சீனக் குழுக்களும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். 1873 வாக்கில் சண்டை ஓய்ந்தது. இதுதான் சமயம் என்று பிரிட்டிஷார் உள்ளே நுழைந்தார்கள்.

எப்படி நுழைந்தார்கள் தெரியுமா? நாட்டைப் பிடித்துக்கொண்டதாக அறிவிக்கவில்லை. சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல ரெசிடென்ட் என்று ஒரு அதிகாரியை வைத்தார்கள். ஆலோசனை என்று பெயர்தான், வரி வசூல் முதல் நிர்வாகம் வரை எல்லாம் ரெசிடென்ட் கையில். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் அரண்மனையிலும் நம்ம ஊர் பார்த்த ஏற்பாடுதான் இது.

1875-ல் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்றவர் அதே டேவிட்சன். கூடவே தன் குமாஸ்தா தம்புசாமியையும் கூட்டிப்போனார். அப்போது தலைநகரம் கோலாலம்பூர் இல்லை, கிள்ளான். அங்கே அரசுக் கருவூலத்தில் தலைமை எழுத்தராகச் சேர்ந்த தம்புசாமிக்கு வயது 25.

டேவிட்சன் சீக்கிரமே போய்விட்டார். தம்புசாமி போகவில்லை. கருவூல அதிகாரி இல்லாத சமயங்களில் அந்தப் பொறுப்பையே தற்காலிகமாகக் கவனிக்கிற அளவுக்கு உயர்ந்தார். நாட்டுக்குள் எவ்வளவு பணம் வருது, எங்கே போகுது, அடுத்து எந்த இடம் வளரப்போகுது... எல்லாமே அவர் மேஜையைத் தாண்டித்தான் போனது.

எரிந்த ஊர், மூழ்கிய ஊர்

1880-ல் நிர்வாகத் தலைநகரம் கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அப்போது கோலாலம்பூர் ஒரு சேற்று ஊர். பெயரே அதைத்தான் சொல்கிறது: மலாயில் 'கோல' என்றால் ஆறுகள் கூடும் இடம், 'லம்பூர்' என்றால் சேறு. மரமும் ஓலையும் போட்ட வீடுகள், நெருக்கடியான சந்துகள், நடுவில் சீனச் சுரங்கத் தொழிலாளர்களின் சந்தை. ஊரை வழிநடத்தியவர் யாப் ஆ லோய் என்ற சீனத் தலைவர்.

1881 ஜனவரியில் பெரிய தீ விபத்து, ஊர் எரிந்தது. அதே வருடம் டிசம்பரில் வெள்ளம், மிச்சம் இருந்ததும் போனது. ஒரே வருடத்தில் இரண்டு அடி!

1882-ல் ரெசிடென்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், ஓலை வீடுகளுக்குப் பதில் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் போட்ட வீடுகள் வரவேண்டும் என்று விதி கொண்டுவந்தார். செங்கல் சூளைகள் கிளம்பின. இன்றைக்கு கோலாலம்பூரில் தமிழர் அதிகம் புழங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் பெயர் வந்தது அந்தச் சூளைகளால்தான். 1884-ல் சுமார் 4,500 பேர் இருந்த ஊர், 1890-ல் சுமார் 20,000 பேர் வாழும் நகரமானது.

வேகமாக வளரும் ஊரில் யாருக்கு வேலை? கட்டட வேலை எடுப்பவருக்கும், ஆள் கொண்டுவருபவருக்கும், கடன் கொடுப்பவருக்கும். தம்புசாமி பிள்ளை 1880-களில் அரசு வேலையை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கினார்.

ரயில் பாதையும் தமிழ்க் கைகளும்

கோலாலம்பூரின் ஈயம் கடலுக்குப் போகணும்னா ஆற்றுப் படகுதான் வழி. மெதுவான, செலவு பிடித்த வழி. எனவே கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவில் இருந்து கோலாலம்பூருக்கு ரயில் பாதை போட முடிவானது. சுமார் 31 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1886-ல் திறக்கப்பட்டது.

பாதை போட ஆள் வேண்டுமே? சீனத் தொழிலாளர்கள் சுரங்கத்தில் அதிகம் சம்பாதித்தார்கள். மலாய் மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. பிரிட்டிஷார் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினார்கள். சாலைக்கும் ரயிலுக்கும் தமிழ்நாட்டில் இருந்து ஆட்களைக் கொண்டுவரும் பொறுப்பு தம்புசாமி பிள்ளையிடம் வந்தது. தமிழ் தெரியும், ஆங்கிலம் தெரியும், அரசுக்கு நம்பிக்கையானவர், கையில் பணமும் இருந்தது. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் நிலைமை என்ன? 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே புரட்டிப் போட்டிருந்தது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களோடு, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள். மிராசுதாரிடம் வாங்கிய கடன் ஒரு பக்கம், சாதிக் கொடுமை இன்னொரு பக்கம். ஊரை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது பலருக்கு.

ஒப்பந்தக் கூலி முறை எப்படி வேலை செய்தது?

கப்பல் டிக்கெட் எடுக்க வழியில்லாதவருக்கு முன்பணம் கொடுப்பார்கள். அதற்குப் பதில், குறிப்பிட்ட வருடங்களுக்கு அங்கேயே வேலை செய்வதாகக் கைநாட்டு. கப்பல் கூலியும் முன்பணமும் சம்பளத்தில் இருந்து கழிக்கப்படும். நடுவில் வேலையை விட்டு ஓடினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில்கூட உண்டு. காடு வெட்டும் இடங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. பிறகு கங்காணி முறை வந்தது. ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரே ஊருக்கு வந்து, தன் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஆள் சேர்த்துப்போவார். மலேயாவில் ஒப்பந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைக்க 1910 ஆனது.

தம்புசாமி பிள்ளையின் கதையில் இந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அவருடைய செல்வமும் செல்வாக்கும் வளர்ந்ததில் இந்த உழைப்புக்குப் பங்கு உண்டு. பாதை போட்டவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களைக் கூட்டிவந்தவர் பெயரில் கோலாலம்பூரில் ஒரு சாலையே இருக்கிறது.

சுரங்கமும் மின்சாரமும்

அடுத்து அவர் கை வைத்தது வெள்ளீயச் சுரங்கம். இதில் அவருடைய கூட்டாளி லோக் யூ. சீனாவின் குவாங்டாங்கில் இருந்து சின்ன வயதில் வந்து, மலேயாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர். தமிழர் ஒருவரும் சீனர் ஒருவரும் பங்காளிகளாகத் தொழில் செய்தது அந்த ஊரின் இயல்பைக் காட்டுகிறது.

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங் என்ற இடத்தில் இவர்களின் சுரங்கம் இருந்தது. சுரங்கத்துக்கு எப்பவுமே பெரிய தலைவலி தண்ணீர். மழை பெய்தால் பள்ளம் நிரம்பிவிடும். 1894-ல் இருவரும் ரவாங்கில் மின்சார ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். மலேசியாவில் மின்சாரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாகத் தொடங்குவது இந்த ஜெனரேட்டரில் இருந்துதான். அரசாங்கம் ஊருக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, தனியார் சுரங்கத்தில் கரண்ட் வந்துவிட்டது!

சானிட்டரி போர்டு என்றால் என்ன?

இப்போது உள்ளாட்சி விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கம் கடலூர் நகராட்சி 1866-லும், சிதம்பரம் நகராட்சி 1873-லும் தொடங்கின. கோலாலம்பூருக்கு அப்படி ஒரு அமைப்பு வந்தது 1890-ல். பெயர் சானிட்டரி போர்டு, அதாவது சுகாதாரக் குழு. பெயரைப் பார்த்து குப்பை அள்ளும் துறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். இன்றைய கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் தாய் அமைப்பு இதுதான்.

என்னென்ன வேலை? தெருக்களைச் சுத்தமாக வைப்பது, சாக்கடை, எடுப்புக் கழிப்பறைகளை அள்ளுவது, சந்தையைக் கவனிப்பது, தெருவிளக்கு, யார் எங்கே எப்படி வீடு கட்டலாம் என்ற விதி, அதற்கான வரி. காலராவும் அம்மையும் அடிக்கடி வரும் ஊரில், சாக்கடை எந்தப் பக்கம் ஓடணும் என்பது உயிர் போகும் விஷயம்.

குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களோடு ஊரின் சமூகங்களில் இருந்து சிலரை அரசே நியமித்தது. தமிழர்கள் சார்பில் அங்கே போனவர் தம்புசாமி பிள்ளை. தேர்தல் எல்லாம் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டு அவரை அனுப்பவில்லை. பிரிட்டிஷார் யாரை நம்பினார்களோ அவருக்கே நாற்காலி.

அந்த நாற்காலிக்கு எல்லை உண்டு. கூலி லைனில் இருந்த தொழிலாளியின் சம்பளத்தை அது தீர்மானிக்கவில்லை. ஆனா வேறு ஒரு விதத்தில் அது முக்கியமானது. நிலம் யாருக்கு, தெரு எங்கே, கோயில் எங்கே, ஊர்வலம் எந்த வழியில் என்ற பேச்சு நடக்கிற ஊரில், அதிகாரிகளுக்குச் சரிசமமாக உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு தமிழர் இருந்தார். புதிதாக வந்து இறங்கிய ஒரு சமூகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அரசு அவரை கௌரவ நீதிபதியாகவும் நியமித்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கூடும் சிலாங்கூர் கிளப்பின் ஆரம்பகால உறுப்பினர்களிலும் அவர் ஒருவர். குதிரைப் பந்தயத்தில் ரொம்ப ஆர்வம். அவர் காலத்து பிரிட்டிஷார் பார்வையில், கோலாலம்பூர் தமிழர்களின் தலைவர் என்றால் அது அவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கும் பங்கு

1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக மக்களிடம் திரட்டிய நிதியில் ஒரு பகுதி மிச்சம் இருந்தது. அதோடு நன்கொடையும் அரசு உதவியும் சேர்த்து கோலாலம்பூரில் ஆங்கிலப் பள்ளி தொடங்கலாம் என்று முடிவானது. அதுதான் விக்டோரியா கல்விக்கூடம். 1893-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தொடக்க அறங்காவலர்களில் தம்புசாமி பிள்ளை, லோக் யூ, அப்போதைய சீனத் தலைவர் யாப் குவான் செங் ஆகியோர் இருந்தார்கள்.

எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காரும் பள்ளி அது. பின்னாளில் அங்கே படித்தவர்களில் ஒருவர், மாக்சிஸ் நிறுவனத்தால் தமிழ்நாட்டிலும் பெயர் தெரிந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன்.

ஓலைக் கொட்டகையில் மாரியம்மன்

ஊரை விட்டு வந்தவனுக்கு முதலில் தேவைப்பட்டது என்ன? சோறு, தங்க இடம். அதற்கு அடுத்து, அம்மை போட்டால் வேண்டிக்கொள்ள ஒரு மாரியம்மன்.

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டு 1873. நிறுவியவராகச் சொல்வது தம்புசாமி பிள்ளையை. அவர் சிலாங்கூர் அரசு வேலைக்கு வந்த 1875-க்கு இரண்டு வருடம் முந்தைய கணக்கு இது. எப்படியானாலும், 1880-களில் கோயில் அவர் பொறுப்பில் இருந்தது.

முதலில் ரயில் நிலையப் பக்கம் சின்னக் கோயிலாக இருந்தது. ரயில்வேக்கு அந்த இடம் தேவைப்பட்டதால் 1885-ல் ஹை ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. இன்று அந்தத் தெருவின் பெயர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ. அங்கேயும் ஆரம்பத்தில் ஓலைக் கொட்டகைதான். 1887-ல் செங்கல் கட்டடம் எழுந்தது. ஊர் முழுக்க ஓலையில் இருந்து செங்கல்லுக்கு மாறிய அதே காலத்தில், அம்மனும் செங்கல் கோயிலுக்குக் குடிவந்தாள்.

நாம் இப்போது பார்க்கும் கோயில் 1968-ல் கட்டப்பட்டது. முகப்பில் 5 நிலை ராஜகோபுரம், உயரம் சுமார் 75 அடி. சைனா டவுன் என்று சொல்லப்படும் பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்திலேயே தென்னிந்திய பாணிக் கோபுரம் நிற்பதைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் அசந்துபோவார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஆரம்பத்தில் இது தம்புசாமி குடும்பத்தின் சொந்தக் கோயில். இது எல்லோருக்குமான பொதுக்கோயிலாக மாறியது அவர் காலத்துக்குப் பிறகு, 1920-களின் கடைசியில்தான். அதன் பிறகு நிர்வாகம் குடும்பத்தின் கையில் இருந்து அறங்காவலர் குழுவுக்குப் போனது.

பத்துமலை: 'பத்து' என்றால் பத்து இல்லை!

கோலாலம்பூர் மையத்தில் இருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் மலை. அதற்குள் பெரிய பெரிய குகைகள். பழங்குடி மக்களான தெமுவான்கள் அந்தக் குகைகளில் ஒதுங்கித் தங்கியிருக்கிறார்கள். சீன விவசாயிகள் உரத்துக்காக உள்ளே போய் வௌவால் எச்சத்தை அள்ளி வந்தார்கள். 1878-ல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹார்னடே இந்தக் குகைகளைப் பற்றி எழுதி வெளியுலகத்துக்குச் சொன்னார்.

மலாயில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். தமிழர்கள் வாயில் அது பத்துமலை ஆனது. பத்து மலைகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்!

தம்புசாமி பிள்ளை அங்கே போனபோது, குகையின் வாசல் வடிவம் வேல் போல அவருக்குத் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். குன்று இருந்தால் அங்கே குமரன் இருப்பான் என்பது தமிழர் நம்பிக்கை. 1891-ல் குகைக்குள் முருகன் வழிபாடு தொடங்கியது. 1892-ல் முதல் தைப்பூசம். அன்றில் இருந்து இன்று வரை 130 வருடங்களுக்கு மேலான திருவிழா!

அப்போது படிக்கட்டு கிடையாது. செங்குத்தான மலையில் கல்லையும் வேரையும் பிடித்துத்தான் ஏறணும். 1920-ல் மரப்படிகள் வந்தன. 1940-ல் கான்கிரீட் படிகள், அந்த 272. 2006 ஜனவரியில் 140 அடி முருகன் சிலை திறக்கப்பட்டது. 2018-ல் படிகளுக்கு வானவில் நிறங்களில் பெயின்ட் அடித்தார்கள். 2022-ல் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் முத்துமலையில் 146 அடி முருகன் சிலை வந்தபோது, அதன் உயரத்தை ஒப்பிட எல்லோரும் இழுத்தது பத்துமலையைத்தான்.

மாரியம்மன் கோயிலும் பத்துமலையும் தனித்தனி இல்லை. தைப்பூசத்தை ஒட்டி இரவில், முருகன், வள்ளி, தெய்வானையோடு வெள்ளி ரதம் கிளம்புவது நகரத்துக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலில் இருந்து. விடிய விடிய நடந்து பத்துமலை சேரும். இரண்டு கோயில்களையும் இன்றும் ஒரே தேவஸ்தானம்தான் நிர்வகிக்கிறது. தம்புசாமி பிள்ளை கைபட்ட இரண்டு இடங்களையும் வருடா வருடம் அந்த ரதம் ஒரு கோட்டில் இணைக்கிறது.

பாராட்டுவதா, கேள்வி கேட்பதா?

இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஒரு பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியின் நம்பிக்கைக்குரிய ஆள். கூலி ஆள் கொண்டுவந்த கான்ட்ராக்டர். கிளப், குதிரை, சுரங்கம் என்று வாழ்ந்த பணக்காரர். இன்னொரு பக்கம், அதே தொழிலாளிகள் கூடி நின்று சாமி கும்பிடவும் திருவிழா எடுக்கவும் இடம் ஏற்படுத்திக் கொடுத்தவர்.

இரண்டும் ஒரே மனிதர்தான். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் போன தமிழருக்கு அந்த நாட்டில் இருந்த அடையாளம் கூலி என்பது மட்டுமே. காடு வெட்டலாம், பாதை போடலாம், வேலை முடிந்தால் கப்பல் ஏறணும். ஊர்க்காரர் என்ற உரிமை கிடையாது. ஆனா ஒரு கோயில் வந்துவிட்டால் கதை மாறுகிறது. கோயிலுக்கு நிலம் வேண்டும், பூசாரி வேண்டும், திருவிழாவுக்குத் தெரு வேண்டும், லீவு வேண்டும். வந்து போகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊர்க்காரர்கள் ஆகிறார்கள். இன்றைக்கு சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தைப்பூசம் அரசு விடுமுறை.

இந்த மாற்றத்தை தம்புசாமி பிள்ளை ஒருவரே செய்யவில்லை. இடம் பிடித்தது அவர். மலை ஏறியதும், காவடி எடுத்ததும், உண்டியலில் கூலிக் காசு போட்டதும் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். ஒரு குடும்பத்தின் கோயிலாக மட்டும் இருந்திருந்தால், அந்தக் குடும்பத்தோடு அது சுருங்கியிருக்கலாம். ஜனங்கள் கைக்குப் போனதால் வளர்ந்தது.

1902-ல் முடிந்த பயணம்

1902-ல் தம்புசாமி பிள்ளை சிங்கப்பூரில் காலமானார். எந்த ஊரில் பிறந்தாரோ அதே ஊரில் முடிவு. வயது 52. அவர் போனபோது கோலாலம்பூர் ஓலைக்குடிசை ஊராக இல்லை. 1896-ல் உருவான மலாய் கூட்டு மாநிலங்களின் தலைநகரமாகியிருந்தது. அவர் உட்கார்ந்த சானிட்டரி போர்டு பின்னாளில் நகராட்சியாக வளர்ந்தது. 1972-ல் கோலாலம்பூர் மாநகரமானது.

கோலாலம்பூர் போகிறவர்கள் இனி மூன்று இடங்களைப் பார்க்கலாம். பெட்டாலிங் தெருவுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோபுரம். ஊரின் இன்னொரு பகுதியில் ஜாலான் தம்புசாமி என்ற தெருப் பலகை. பிறகு மின்சார ரயில் ஏறினால் பத்துமலை. அந்த ரயில் பயணத்தில் ஒரு நிமிஷம், முதன்முதலில் இந்த ஊருக்குத் தண்டவாளம் போட வந்த தஞ்சாவூர், தென்னாற்காடு ஆட்களையும் நினைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் உங்கள் ஊர்க்காரராகக்கூட இருந்திருக்கலாம்.

தம்புசாமி பிள்ளை: ஒரு பார்வையில்

1850 - சிங்கப்பூரில் பிறப்பு

1875 - டேவிட்சனோடு சிலாங்கூருக்கு வருகை, கருவூல வேலை

1885 - மாரியம்மன் கோயில் ஹை ஸ்ட்ரீட்டுக்கு மாற்றம்

1886 - கிள்ளான் பக்கம் இருந்து கோலாலம்பூருக்கு ரயில்

1890 - கோலாலம்பூரில் சானிட்டரி போர்டு தொடக்கம்

1891 - பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு

1892 - பத்துமலையில் முதல் தைப்பூசம்

1893 - விக்டோரியா கல்விக்கூடத்துக்கு அடிக்கல்

1894 - ரவாங் சுரங்கத்தில் மின்சாரம்

1902 - சிங்கப்பூரில் மறைவு